ஜெட் இருக்க விசிறி விமானம் எதற்கு?

கோவையை அடுத்த சூலூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேல் தேஜஸ் போர் விமானம் உறுமிக்கொண்டு போகும். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் விமானப்படையின் சாகசக் குழுவான சாரங் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டால் கதை வேறு. உடம்பில் மயில் வரைந்த துருவ் ஹெலிகாப்டர்கள் ஒன்றை ஒன்று உரசுவதுபோல் வரும்போது டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். 2003இல் தொடங்கப்பட்ட அந்தக் குழுவுக்கு இப்போது சூலூர் விமானப்படைத் தளம்தான் வீடு.

அப்படி ஒரு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு எங்கள் பட்டறைக்கு வந்த அக்கா மகன், போனில் ஒரு வெளிநாட்டுக் குழுவின் வீடியோவைக் காட்டினான். ஆறு விமானங்கள், ஒவ்வொன்றின் மூக்கிலும் விசிறி.

"மாமா, ஜெட் வந்து எத்தனை வருஷமாச்சு! இவங்க ஏன் இன்னும் ஃபேன் வெச்ச பிளேன ஓட்டறாங்க? காசில்லையா?"

காசும் ஒரு காரணம்தான், அதை முதலில் முடித்துவிடலாம். விமானப்படையில் சேருபவர் எடுத்த எடுப்பில் போர் விமானத்தில் ஏறுவதில்லை. முதலில் ஒரு பயிற்சி விமானம். அது பெரும்பாலும் விசிறி வைத்தது. நம் விமானப்படையும் சுவிட்சர்லாந்தில் செய்த பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2 விமானங்கள் 75 வாங்கியது. அவை 2013இல் ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமியில் சேவைக்கு வந்தன. ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள், விமானமும் அங்கேயே நிற்கிறது, எரிபொருள் செலவும் குறைவு. அப்புறம் என்ன, அந்த ஆசிரியர்களையே வைத்து ஒரு சாகசக் குழு அமைத்துவிடலாம். பல நாடுகளில் இப்படித்தான் நடந்தது. பிரேசிலில் 1952இல் தொடங்கிய 'புகைப்படை'யின் பிறப்பே இதுதான்: மாணவர்களுக்குத் தங்கள் விமானத்தின்மேல் நம்பிக்கை வரட்டும் என்று ஆசிரியர்கள் ஓய்வு நேரத்தில் சாகசம் பழகினார்கள். (நம் நாட்டில் இந்த வழக்கம் இல்லை. சூரியகிரண் குழு ஜெட் பயிற்சி விமானத்தில் பறக்கிறது, சாரங் ஹெலிகாப்டரில்.)

ஆனால் காசு மட்டும்தான் காரணம் என்றால் ஒன்று இடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் ரூலெட்ஸ் குழு 1970இல் மாக்கி என்ற ஜெட் விமானத்தோடுதான் தொடங்கியது. 1980களின் இறுதியில் அதை விட்டுவிட்டு பிசி-9 என்ற விசிறி விமானத்துக்கு வந்தது. இப்போது பிசி-21, அதுவும் விசிறிதான். பிரேசில்காரர்களும் இடையில் ஜெட்டை முயன்று பார்த்துவிட்டு விசிறிக்கே திரும்பினார்கள். சுவிட்சர்லாந்தின் பிசி-7 குழு இன்னும் வேடிக்கை. ஒன்பது விமானம் வரிசையாகப் பறக்கும் அந்தக் குழுவின் விமானிகள் சாதாரண நாளில் ஹார்னெட் போர் விமானம் ஓட்டுகிறவர்கள். கையில் ஜெட் இருக்கிறவர்களே சாகசத்துக்கு விசிறி விமானத்தில் ஏறுகிறார்கள். அதற்குக் காரணம் வேகம். வேகம் குறைவாக இருப்பதுதான் இங்கே லாபம்.

வளைவில் பைக் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். மெதுவாகப் போனால் தெருமுனையிலேயே திருப்பிவிடலாம். வேகமாகப் போனால் ரோட்டின் அகலம் போதாது. விமானத்திலும் அதே கணக்கு. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் 60 பாகை சாய்ந்து திரும்பினால், அது போடும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 400 மீட்டர். அதே சாய்வில் 600 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் ஆரம் 800 ஆகாது, 1,600 மீட்டரைத் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் வட்டத்தின் ஆரம் நான்கு மடங்காகும்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். முதல் வட்டத்துக்குள் அடங்கும் நிலம் சுமார் 130 ஏக்கர். இரண்டாவதற்கு 2,000 ஏக்கருக்கு மேல். முதல் விமானம் அரை நிமிடத்தில் சுற்றி முடித்து உங்கள் முன்னால் வந்து நிற்கும். இரண்டாவது ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும், அதிலும் பாதி நேரம் பக்கத்து ஊர் வானத்தில் புள்ளியாகத் தெரியும். வேடிக்கை பார்க்க வந்தவர் கழுத்து வலிக்காமல் பார்ப்பது எதை? கோயில் திருவிழாவில் கரகாட்டம் கண்ணெதிரே நடக்க வேண்டும். ஆடுபவர் ஆடிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது?

இனி விசிறிக்கு வருவோம். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விசிறி என்றதும் பழைய காலத்து பெட்ரோல் இன்ஜின் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பயிற்சி விமானங்களில் இருப்பது டர்போபிராப். உள்ளே ஜெட் இன்ஜினைப் போலவே காற்றை அழுத்தி, எரிபொருளைக் கொளுத்தி, சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கும் மேல் போகும். அதைப் பல்சக்கரங்கள் வைத்துக் குறைத்து, விசிறியை 2,000 சுற்றளவில் ஓட்டுகிறார்கள். ஜெட்டில் பின்னால் பீறிடும் வாயு தள்ளுகிறது. இங்கே விசிறி முன்னாலிருந்து இழுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பிசி-7 விமானத்துக்கு 550 எச்.பி. திறன், பிசி-21க்கும் பிரேசிலின் சூப்பர் டுக்கானோவுக்கும் 1,600 எச்.பி. நம் தோட்டத்து 5 எச்.பி. கிணற்று மோட்டார் 320ஐ ஒரு மூக்கில் கட்டியதுபோல.

இதில் அழகான சங்கதி, விசிறியின் இறக்கைகள் தங்கள் அச்சிலேயே திரும்பும் என்பது. பல்லடம், உடுமலைப் பக்கம் போகிறவர்கள் காற்றாலைகளைக் கவனித்திருப்பீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடித்துக்கொண்டு வரும்போது இறக்கை ஒரு கோணத்தில் இருக்கும்; காற்று அளவு மீறினால் இறக்கை தன்னைத் தானே திருப்பிக்கொண்டு காற்றை வழுக்கி விட்டுவிடும். விமான விசிறியும் அதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. காற்றாலையைக் காற்று சுழற்றுகிறது. விமானத்தில் விசிறி காற்றைத் தள்ளுகிறது. விமானி பவரைக் கூட்டும்போது சுற்று எண்ணிக்கை மாறுவதில்லை, இறக்கை இன்னும் ஆழமாகக் காற்றைக் கடிக்கிறது. குறைத்தால் கடி தளர்கிறது.

இதனால் இரண்டு நன்மை. ஒன்று, விசிறி ஏற்கெனவே முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருப்பதால் பவர் கேட்டதும் சீக்கிரம் கிடைக்கிறது. ஜெட்டில் உள்ளே இருக்கும் சக்கரங்கள் வேகமெடுக்க சில விநாடிகள் ஆகலாம். பக்கத்து விமானம் கை நீட்டும் தூரத்தில் இருக்கும்போது சில விநாடி என்பது பெரிய காலம்.

இன்னொன்று இறக்கத்தில் தெரியும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அதில் பாரம் ஏற்றி இறங்கும் நாமக்கல் லாரிக்காரர் பிரேக்கை மட்டும் நம்ப மாட்டார். கியரைக் குறைத்து இன்ஜினையே பிரேக்காக்கிக்கொள்வார். விசிறி விமானம் செங்குத்தாக மேலேறிப் போடும் வட்டத்தின் உச்சியிலிருந்து தலைகுப்புற இறங்கும்போதும் அதுவே நடக்கிறது. பவரைக் குறைத்ததும் சுழலும் விசிறி முன்னால் பிடித்த முறம்போல் காற்றைத் தடுக்கிறது. வேகம் கட்டுக்குள் நிற்கும். அடுத்த வட்டத்தைச் சின்னதாகவே போடலாம். வழவழப்பான ஜெட் இறக்கத்தில் விறுவிறுவென்று வேகமெடுத்துவிடும்.

சரி, இவ்வளவு நல்லது செய்யும் விசிறி சும்மா விடுமா? அதற்கு ஒரு கூலி உண்டு. விமானி அதைக் காலால் கொடுக்கிறார்.

அக்கா மகனுக்கு இதைப் பட்டறையிலேயே காட்டினேன். கை டிரில்லிங் மெஷினைக் கொடுத்து இரும்புத் தகட்டில் ஓட்டை போடச் சொன்னேன். பிட் தகட்டில் சிக்கியதும் மெஷின் அவன் மணிக்கட்டை எதிர்ப்பக்கம் முறுக்கியது. "ஐயோ மாமா!" என்றான். பிட் ஒரு பக்கம் சுழன்றால் மெஷினின் உடம்பு மறுபக்கம் சுழலப் பார்க்கும். விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் இந்த விமானங்களின் விசிறி கடிகாரச் சுற்றில் போகிறது. அப்படியானால் விமானத்தின் உடம்பு இடப்பக்கமாகச் சாயப் பார்க்கும். போதாததற்கு, விசிறி பின்னால் தள்ளும் காற்று நேராகப் போவதில்லை. முறுக்கிய கயிறுபோல உடம்பைச் சுற்றிக்கொண்டே போய் வாலில் நிற்கும் செங்குத்துப் பலகையை இடப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. வால் வலப்பக்கம் ஒதுங்கும், மூக்கு இடப்பக்கம் திரும்பும்.

ஹெலிகாப்டருக்கும் இதே தொல்லை உண்டு. துருவ் ஹெலிகாப்டரின் வாலில் சின்னதாக ஒரு விசிறி சுற்றுகிறதே, மேலே இருக்கும் பெரிய விசிறியின் முறுக்கைத் தாங்கத்தான் அது. விசிறி விமானத்தில் அந்த வேலை, வால் பலகையில் அசையும் பகுதியான சுக்கானுக்கு. சுக்கானை அசைப்பது விமானியின் கால். பவர் அதிகமாக, வேகம் குறைவாக இருந்தால் வலது காலை அழுத்த வேண்டும். பவரைக் குறைத்து வேகமாக இறங்கினால் இடது கால். இப்போது செங்குத்தான ஒரு வட்டத்தை நினைத்துப் பாருங்கள். மேலே ஏற ஏற வேகம் குறைகிறது, வலது கால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. உச்சியில் தலைகீழாக இருக்கும்போது இன்னும் கொஞ்சம். இறங்கத் தொடங்கியதும் அதை விடுவித்து இடது பக்கம் வர வேண்டும். ஒரு வட்டத்துக்குள் கால் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. சென்னிமலையில் கைத்தறி நெய்பவரைப் பார்த்தால், கை நாடாவை ஓட்டும்போதே குழிக்குள் கால் மிதியை மாற்றிக்கொண்டே இருக்கும். காலை அவர் நினைப்பதுகூட இல்லை. அந்தப் பழக்கம் வந்தவர்தான் குழுவில் பறக்க முடியும். பிசி-21 போன்ற புதிய விமானங்களில் இதில் பெரும்பகுதியைத் தானியங்கி ஏற்பாடு பார்த்துக்கொள்கிறது. பழைய பிசி-7இல் அந்த வசதி கிடையாது.

தனியாகப் பறக்கும்போது கால் கொஞ்சம் தப்பினால் மூக்கு லேசாக விலகும், யாருக்கும் தெரியாது. குழுவில் அப்படியில்லை. ரூலெட்ஸ் போன்ற குழுக்களில் இரண்டு விமானங்களுக்கு இடையே மூன்று மீட்டர்வரை நெருங்குவார்கள். ஒரு ஆம்னி வேன்கூட நடுவில் நிற்கச் சிரமப்படும்.

அவ்வளவு நெருக்கத்தில் பறப்பவர் எதைப் பார்த்து ஓட்டுகிறார்? தரையைப் பார்ப்பதில்லை, போகும் திசையையும் பார்ப்பதில்லை. லீடரின் விமானத்தை மட்டும். அதிலும் இரண்டு புள்ளிகளை. லீடரின் இறக்கை நுனியில் இருக்கும் விளக்கு, உடம்பில் இருக்கும் ஒரு குறிக்கு நேராகத் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வார்கள். கொத்தனார் நூல் பிடிப்பதுபோல. இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் நான் என் இடத்தில் இருக்கிறேன். விளக்கு குறிக்கு முன்னால் தெரிந்தால் பின்தங்கிவிட்டேன், பின்னால் தெரிந்தால் முந்திவிட்டேன். வானம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது அவருக்குத் தேவையில்லாத கேள்வி. எனக்கு இந்தக் குழுக்களில் மிகவும் பிடித்ததும், கொஞ்சம் பயம் தருவதும் இதுதான். உயரம், தரை, பார்வையாளர்கள், மேகம் எல்லாம் ஒரே ஒருவரின் பொறுப்பு. மற்றவர்கள் அவரை நம்பித் தலைகீழாகிறார்கள்.

அதனால் லீடர் வித்தை காட்டுபவராக இருக்கவே கூடாது. கையைப் பதறாமல், ஒரே சீராக அசைக்க வேண்டும். தன் விமானத்தின் முழு பவரையும் அவர் ஒருநாளும் எடுக்க மாட்டார், பின்னால் வருபவர்களுக்கு மிச்சம் வைக்க வேண்டும். இது புரியாதவர்கள் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். முன்பெல்லாம் களத்தில் தாம்பு ஓட்டும்போது நான்கைந்து மாடுகளை ஒரே கயிற்றில் கட்டிச் சுற்ற விடுவார்கள். உள்ளே கிழ மாடு, ஓரத்தில் இளங்காளை. உள்ளே இருப்பது அடி எடுத்து வைப்பதற்குள் வெளியே இருப்பது ஓட வேண்டும். விமான வரிசை திரும்பும்போதும் அப்படியே. வெளிப்பக்கத்து விமானம் கூடுதல் தூரத்தை அதே நேரத்தில் கடக்க வேண்டும். லீடர் முழு பவரில் போனால் வெளிப்பக்கத்தில் வருபவர் கூடுதல் பவரை எங்கே போய் எடுப்பார்?

லீடருக்கு நேர் பின்னால் பறப்பவர் சற்றுக் கீழே தள்ளி நிற்பார். லீடரின் விசிறி கிளப்பும் சுழல்காற்றில் மாட்டாமல் இருக்கத்தான். சேலம் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியின் பின்னால் பைக்கில் போனவர்களுக்கு அந்த அலைக்கழிப்பு தெரியும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் எப்படித் திரும்புகிறார்கள் என்று கேட்பவர்கள் நம் வள்ளி கும்மி ஆட்டத்தைப் பார்க்கலாம். நூறு பேர் ஒரே நேரத்தில் குனிந்து நிமிர்வது பாடுபவரின் இழுப்பைப் பிடித்துத்தான். அவர் ஒரு சொல்லை நீட்டும்போதே கால் தயாராகிவிடும், முடிக்கும்போது அடி விழும். ரேடியோவில் லீடரும் அப்படித்தான் பேசுவார். என்ன செய்யப்போகிறோம் என்பதை நீட்டிச் சொல்லி, கடைசி அசையில் கையை அசைப்பார். சொல்லைவிட அதன் தாளம்தான் முக்கியம். அதனால்தான் லீடர் மாறினால் குழு மாதக்கணக்கில் மறுபடி பழக வேண்டியிருக்கிறது.

இரண்டு விமானங்கள் எதிரெதிரே பாய்ந்துவந்து மயிரிழையில் தப்புவது இருக்கிறதே, கூட்டம் அலறும் அந்த இடம், அதில் பாதி கண்கட்டு. இருகூர் ஸ்டேஷனில் ஓரமாக நின்று பார்த்தால் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுவதுபோலத் தெரியும். நடுவில் இடைவெளி இருப்பது பக்கவாட்டில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. விமானங்களும் அப்படித் தனித்தனித் தடத்தில்தான் வருகின்றன. ஆனால் மீதிப் பாதி உண்மையான வித்தை: தலைக்கு 400 கிலோமீட்டர் வேகம் என்றால் இருவரும் ஒரு விநாடிக்கு 220 மீட்டருக்கு மேல் நெருங்குகிறார்கள். கூட்டத்துக்கு நேர் எதிரே சந்திக்க வேண்டுமென்றால் அரை விநாடிகூடப் பிசகக் கூடாது.

ஆபத்தில்லாத விளையாட்டு என்று சொல்ல வரவில்லை. 1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலியக் குழுவின் ஜெட் விமானங்கள் மோதி, ஒன்று கூட்டத்துக்குள் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். அதன்பிறகு பல நாடுகளில் விதிகள் இறுகின. மக்களை நோக்கிப் பாயும் சாகசங்களுக்குத் தடை வந்தது, கூட்டத்துக்கும் விமானத்துக்கும் இடையே விட வேண்டிய தூரம் கூடியது. இதிலும் மெதுவாகப் பறப்பவருக்குச் சலுகை உண்டு. வேகம் குறைந்தால் சற்றுக் கிட்டே வரலாம்.

புகையைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. அது எதுவும் எரியும் புகை அல்ல. சூடான புகைபோக்கியில் மெல்லிய எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். அது ஆவியாகி, வெளிக்காற்றில் பட்டதும் குளிர்ந்து பனித்துளியாக வெண்மையாகத் தெரிகிறது. டூ ஸ்ட்ரோக் மொபெட்டில் ஆயிலை அதிகம் கலந்தவர் பின்னால் போனால் இதன் ஏழை உறவினரைப் பார்க்கலாம். அழகுக்கு மட்டுமா அது? விமானம் தெரியாத தூரத்தில் இருந்தாலும் புகை தெரியும் என்பதால் எதிரே வருபவர் தன் ஜோடியைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது. பார்ப்பவர்களுக்கும் அது ஒரு சாட்சிதான். வட்டம் சரியாக உருண்டையாக இருந்ததா, உச்சியில் சப்பையாகிவிட்டதா என்பது புகையில் எழுதியிருக்கும்.

உடம்பு படும் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வட்டத்தின் அடியில் மேலே இழுக்கும்போது நான்கு மடங்கு எடை ஏறினால், 70 கிலோ ஆள் 280 கிலோ ஆகிறார். ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கும், கண் இருட்டும். அதைத் தடுக்கக் காலையும் வயிற்றையும் இறுக்கி மூச்சைப் பிடிக்க வேண்டும். பிரேசில் குழு 2006 அக்டோபரில் 12 டுக்கானோ விமானங்களைத் தலைகீழாக ஒரே வரிசையில் ஓட்டிச் சாதனை செய்ததே, அங்கே பாடு எதிர்ப்பக்கம். பட்டையில் தொங்கிக்கொண்டு, ரத்தம் தலைக்கு ஏறி நிற்க, பிடிக்க வேண்டிய இடத்தைப் பிடித்தபடி பறக்க வேண்டும். இடது வலது குழம்பாமல் இருந்ததே பெரிய காரியம்.

கிளம்புவதற்கு முன்னால் பல குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். லீடர் முழு நிகழ்ச்சியையும் ரேடியோவில் பேசும் அதே இழுப்பில் சொல்லிக்கொண்டே போவார். விமானத்தை ஓட்டும் கம்பியைப் பிடித்திருப்பதுபோல ஒவ்வொருவர் கையும் முன்னும் பின்னும் அசையும். தெரியாதவர் கதவைத் திறந்து பார்த்தால் சாமி வந்துவிட்டதோ என்று நினைப்பார். விசிறி விமானக் குழுவாக இருந்தால், மேசைக்கு அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். அங்கே கால்களும் சும்மா இருக்காது.